கம்பி வைத்த காலுக்குக் காந்தப்புல சிகிச்சை: வாங்கலாமா, வேண்டாமா?

வாசகர் கடிதம், சுருக்கமாக:

திருப்பூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவருக்கு 41 வயது. பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். ஆறு மாதங்களுக்கு முன்பு காலையில் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதியதில், வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்து, பெரிய எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. அன்றிரவே காயத்தைக் கழுவி, எலும்பின் உட்குழல் வழியாக டைட்டேனியம் கம்பி செலுத்தி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டிருக்கிறார்கள். இன்றும் வாக்கர் இல்லாமல் நடக்க முடியவில்லை; காலை ஊன்றினால் முறிந்த இடத்திலேயே வலி. கடைசி எக்ஸ்ரேயைப் பார்த்த அறுவை மருத்துவர், எலும்பு மெதுவாகத்தான் கூடுகிறது என்றும், ஆறு வாரம் பார்த்துவிட்டுத் தேவைப்பட்டால் ஒரு பக்கத்து ஸ்க்ரூவைக் கழற்றலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

இதற்கிடையில் பக்கத்து ஊரில் உள்ள ஒரு தனியார் வலி நிவாரண மையம், காந்தப்புல சிகிச்சையால் அறுவை சிகிச்சை இல்லாமலே எலும்பு கூடிவிடும் என்று 'நூறு சதவீத உத்தரவாதம்' தந்து, அரை மணி நேரம் வீதம் 30 முறைக்கு 45,000 ரூபாய் கேட்டிருக்கிறது. 15,000 ரூபாய் முன்பணமும் கட்டியாகிவிட்டது. கம்பி இருக்கும் காலில் காந்தம் வைத்தால் கம்பி சூடாகும், இடம் மாறும் என்று கொழுந்தனார் பயமுறுத்துகிறார். அதே வீட்டில் பேஸ்மேக்கர் பொருத்திய மாமியார் இருக்கிறார். கணவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, மூன்று மாதச் சராசரி 9-க்கு மேல். பீடிப் பழக்கம் இன்னும் விடவில்லை. இந்தச் சிகிச்சையை எடுக்கலாமா, கம்பிக்கு ஆபத்தா, மாமியாருக்கு ஆபத்தா, ஸ்க்ரூ கழற்றுவதை மறுக்கலாமா, கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கடிதம் முடிந்த பிறகு, பின்குறிப்பாக ஒரு வரி: தையல் தழும்பின் ஓரத்தில் பட்டாணி அளவு இடம் மட்டும் இன்னும் மூடவில்லை, வாரத்தில் இரண்டு மூன்று நாள் துணியில் மஞ்சளாகக் கறை படிகிறது, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டால் நிற்கிறது, விட்டால் மறுபடி வருகிறது.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேள்வியாகக் கேட்காமல் பின்குறிப்பில் எழுதிய அந்த ஒரு வரிதான் கடிதத்திலேயே மிக முக்கியமானது. மற்றவை ஒரு வாரம் காத்திருக்கலாம். அது காத்திருக்கக் கூடாது.

அந்த மஞ்சள் கறை

தோலைக் கிழித்து வெளியே வந்த எலும்பு சாலையின் மண்ணையும் எண்ணெயையும் தொட்ட எலும்பு. எவ்வளவு கவனமாகக் கழுவினாலும், இப்படிப்பட்ட திறந்த முறிவில் கிருமி உள்ளே தங்கிவிடும் வாய்ப்பு மூடிய முறிவைவிட அதிகம். ஆறு மாதம் கழித்தும் தழும்பின் ஓரத்தில் ஒரு சிறு இடம் மூடாமல் நின்று, அதிலிருந்து விட்டுவிட்டுக் கசிகிறது என்றால், அதை மேல்தோல் புண் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கம்பியைச் சுற்றியோ எலும்புக்குள்ளோ இருக்கும் சீழ் வெளியேறத் தேடிக்கொண்ட வழியாக அது இருக்கலாம். மாத்திரை சாப்பிட்டால் நின்று, விட்டால் திரும்புவது இந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. கிருமிகள் உலோகத்தின் மேல் கிணற்றுப் படியில் பாசி ஒட்டுவதுபோலப் படலமாக ஒட்டிக்கொள்ளும். மேலோட்டமாக இருப்பவற்றை மாத்திரை கொல்லும், படலத்துக்குள் இருப்பவை தப்பித்து மீண்டும் பெருகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவருக்கு இது இன்னும் எளிதாக நேரும்.

நான் உங்கள் கணவரின் காலைப் பார்க்கவில்லை. ஆகவே அங்கே கிருமித் தொற்று இருக்கிறது என்று சொல்லவில்லை. இல்லை என்று உறுதிப்படுத்தும் வரை வேறு எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறேன். தொற்று இருக்கும் இடத்தில் எலும்பு கூடுவது கடினம். எந்தக் காந்தப்புலக் கருவியும் தொற்றைக் குணப்படுத்தாது; அரை மணி நேரம் வீதம் 30 நாள் அந்த மையத்துக்குப் போய்வரும் காலத்தில், உள்ளே இருப்பது எலும்பை மேலும் அரித்துக்கொண்டிருக்கும். உங்கள் மருத்துவர் சொன்ன ஸ்க்ரூ கழற்றும் யோசனைகூட, தொற்று இருந்தால் மாற வேண்டியிருக்கலாம். இந்தக் கசிவைப் பற்றி அவரிடம் சொன்னீர்களா என்று கடிதத்தில் தெளிவாக இல்லை. கடைசியாகப் பார்த்த நாளில் மாத்திரையின் தயவில் காய்ந்திருந்தது, அதனால் சொல்லத் தோன்றவில்லை என்று நான் ஊகிக்கிறேன். பலர் வீட்டில் இப்படித்தான் நடக்கிறது.

எனவே இந்த வாரமே அதே அறுவை மருத்துவரிடம் போங்கள். கறை படிந்த துணியைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். உடலுக்குள் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற இரத்தப் பரிசோதனைகளை அவர் செய்யச் சொல்வார். முறிந்த இடத்தைத் தெளிவாகக் காண சி.டி. ஸ்கேனும் தேவைப்படலாம். இந்த இரத்தப் பரிசோதனைகள் சரியாக இருந்தாலும் தொற்று இல்லை என்று முழுமையாக அடித்துச் சொல்ல முடியாது. சந்தேகம் நீடித்தால், அறுவை அரங்கில் ஆழத்திலிருந்து பல இடங்களில் திசு எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்ப்பதே நம்பகமான வழி. மேலே கசிவதைப் பஞ்சில் தொட்டு எடுத்துச் செய்யும் பரிசோதனை பெரும்பாலும் தோலின் மேலிருக்கும் கிருமியைத்தான் காட்டும். இந்தக் காரணத்தினால்தான், மருத்துவர் சொல்லாமல் இனி ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரைகூட வாங்கித் தராதீர்கள்: திசு எடுப்பதற்கு முன்பு, நோயாளி நிலையாக இருந்தால், ஏறக்குறைய இரண்டு வாரமாவது அந்த மாத்திரைகளை நிறுத்தி வைப்போம், இல்லையென்றால் கிருமி பரிசோதனையில் பிடிபடாமல் ஒளிந்துகொள்ளும். காய்ச்சல், குளிர்நடுக்கம், கால் சிவந்து வீங்குதல், வலி திடீரெனக் கூடுதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும், முன்பதிவுத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காந்தப்புல சிகிச்சை என்பது என்ன

தொற்று இல்லை என்று வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சையை முழு மோசடி என்று ஒதுக்கிவிடவும் முடியாது, அந்த மையம் சொல்வதுபோல நம்பிவிடவும் முடியாது. எலும்பை அழுத்தினால் அதில் மிகச் சிறிய மின்னழுத்தம் தோன்றுகிறது என்பதை ஜப்பானில் ஃபுகாடாவும் யசுதாவும் 1957-இல் வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேசட் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய குழுவினரும், தோலைக் கீறாமலே வெளியிலிருந்து இதுபோன்ற மின்தூண்டலைத் தர முடியுமா என்று ஆராய்ந்து 1974-இல் கட்டுரை எழுதினார்கள். கூடாத எலும்பு முறிவுக்கு இத்தகைய கருவியைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1979-இல் அனுமதி தந்தது.

கம்பிச் சுருள் ஒன்றில் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துடிப்பாகச் செலுத்தினால், அதைச் சுற்றியுள்ள காந்தப்புலம் கூடிக் குறைகிறது. அந்த மாற்றம் திசுவுக்குள், ஒரு சென்டிமீட்டருக்கு ஓரிரு மில்லிவோல்ட் என்ற அளவில், மெல்லிய மின்புலத்தைத் தூண்டுகிறது. அது எலும்புச் செல்களின் மேலுள்ள சில ஏற்பிகளையும் செல்லுக்குள் கால்சியம் நடமாட்டத்தையும் பாதித்து, எலும்பு வளர்வதற்கான புரதங்களைச் சுரக்கத் தூண்டுவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. மாறும் புலம் என்பதே இங்கே முக்கியம். கண்காட்சிகளில் விற்கும் காந்தப் பட்டை, காந்தப் படுக்கை, காந்த நீர்க் குடுவை ஆகியவற்றில் இருப்பது மாறாத காந்தம். அசையாமல் கட்டிவைத்த காந்தம் இந்த மின்தூண்டலைத் தராது. அந்த மையம் காலில் மாட்டுவது எந்த வகை என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்பி சூடாகுமா, மாமியாருக்கு ஆபத்தா?

உங்கள் கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அவர் வேறொரு கருவியை மனத்தில் வைத்துச் சொல்கிறார். பிஸியோதெரபியில் 'கரண்ட் வைப்பது' என்று நம் ஊரில் சொல்வது ஒரே சிகிச்சையன்று. அவற்றில் ஷார்ட்வேவ் டயதெர்மி என்பது 27.12 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் திசுவைச் சூடாக்குவதற்காகவே உருவான கருவி. உடலுக்குள் உலோகம் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் உலோகத்தைச் சுற்றிச் சூடு குவிந்து உள்ளே தீக்காயம் ஏற்படலாம். கம்பி, பிளேட், செயற்கை மூட்டு உள்ள இடத்தில் அது கூடாது. எலும்புக்கான துடிப்புக் காந்தப்புலம் விநாடிக்குச் சில பத்து முறை என்ற தாழ்ந்த அதிர்வெண்ணில், ஓரிரு மில்லிடெஸ்லா வலுவில் இயங்குவது. கம்பியில் உணரத்தக்க சூட்டை அது உண்டாக்காது. ஒப்பிட்டுச் சொன்னால், எம்.ஆர்.ஐ. எந்திரங்கள் பலவற்றின் காந்தம் 1.5 டெஸ்லா, அதாவது இதைப்போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. டைட்டேனியம் கம்பி உள்ளவர்களுக்கு அந்த எந்திரத்திலேயே ஸ்கேன் எடுக்கிறோம். டைட்டேனியமும் சரி, எலும்பு அறுவையில் பயன்படும் 316எல் வகை எவர்சில்வரும் சரி, காந்தத்தால் இழுக்கப்படுபவை அல்ல. ஆகவே கம்பி நகராது, ஸ்க்ரூ தளராது. கம்பியின் ஓரமாகத் தூண்டப்படும் மின்புலத்தின் பரவலை உலோகம் சற்று மாற்றும் என்பது மட்டும் உண்மை. அது ஆபத்து சம்பந்தப்பட்ட விஷயமன்று, பலன் எவ்வளவு என்ற கேள்வியைச் சேர்ந்தது.

மையத்துக்குப் போகும்போது ஒன்றைக் கேளுங்கள்: இது சூடு தரும் கருவியா, சூடு தராத கருவியா? காலில் வைத்தவுடன் இதமாகச் சூடேறும் என்று அவர்கள் பெருமையாகச் சொன்னால், உடனே எழுந்து வந்துவிடுங்கள்.

பேஸ்மேக்கர் உள்ளவருக்கு இந்தச் சிகிச்சையைத் தருவது தடுக்கப்பட்டது. உங்கள் மாமியார் சிகிச்சை பெறப்போவதில்லை. காந்தப்புலம் தூரத்தோடு வேகமாகக் குறைந்துவிடும் என்பதால் அடுத்த அறையில் இருப்பவருக்குப் பயமில்லை. ஆனால் இரவு முழுவதும் கருவியை ஓடவிட்டு அதே கட்டிலில், அதே பாயில் படுக்கும் நிலை இருந்தால் அது வேறு. வீட்டுக் கருவி வாங்குவதாக முடிவானால், அவருடைய பேஸ்மேக்கர் அட்டையையும் கருவியின் விளக்கக் கையேட்டையும் அவருடைய இதய மருத்துவரிடம் காட்டி, எவ்வளவு தள்ளியிருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

ஆய்வு செய்ததும் விற்கப்படுவதும் ஒன்றல்ல

பலன் உண்டா என்பதற்கு நேரான பதில்: இருக்கலாம், சிறிது. 1984-இல் இங்கிலாந்தில், கூடாத கால் எலும்பு முறிவு உள்ள 16 பேருக்கு, யாருக்கு எது என்று தெரியாமல் சிலருக்கு இயங்கும் கருவியும் சிலருக்கு இயங்காத கருவியும் கொடுத்தார்கள். இயங்கும் கருவி பெற்ற ஒன்பது பேரில் ஐந்து பேருக்கும், இயங்காத கருவி பெற்ற ஏழு பேரில் ஐந்து பேருக்கும் எலும்பு கூடியது. கருவி மாட்டிக்கொண்டவர்கள் காலுக்கு ஒழுங்காக ஓய்வு கொடுத்ததே இருசாராருக்கும் கைகொடுத்தது என்று தோன்றும். ஆனால் அதே நாட்டில் 1990-இல் வெளிவந்த, தாமதமாகக் கூடும் கால் எலும்பு முறிவு உள்ள 45 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வீதம் 12 வாரம் கருவி அணிந்தவர்களுக்கு எக்ஸ்ரேயில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் மாவுக்கட்டில் இருந்தவர்கள். உங்கள் கணவரைப்போல உள்ளே கம்பி வைத்தவர்கள் அல்லர்.

ஆஸ்திரேலியாவில் புதிதாகக் கால் எலும்பு முறிந்த 259 பேரிடம் நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், தினம் 10 மணி நேரம், 12 வாரம் என்று சொல்லிக் கருவி கொடுத்தும், மறு அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்களின் அளவு குறையவில்லை. அதே ஆண்டில், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, நீண்ட எலும்புகள் தாமதமாகக் கூடுவதற்கும் கூடாமல் நிற்பதற்கும் நடந்த நான்கு ஆய்வுகளை, மொத்தம் 125 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலன் இருப்பதுபோல் சாய்ந்தாலும் உறுதியாகச் சொல்லப் போதவில்லை என்றது. 2016-இல் பலவகை மின்தூண்டல் கருவிகள் பற்றிய 15 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள், எக்ஸ்ரேயில் எலும்பு கூடாமல் நிற்கும் அபாயம் ஏறக்குறைய 35 சதவீதம் குறைகிறது, வலியும் சற்றுக் குறைகிறது, ஆனால் நடப்பது முதலான அன்றாடச் செயல்பாட்டில் வேறுபாடு காணவில்லை என்று முடிவுக்கு வந்தார்கள். என் மதிப்பீடும் இதை ஒட்டியதுதான்: காரணத்தைக் கண்டு சரிசெய்த பிறகு, கூடவே பயன்படுத்தும் துணைச் சிகிச்சை என்ற அளவில் இதற்கு இடமுண்டு.

இப்போது உங்களிடம் விற்கப்படுவதைப் பாருங்கள். ஆய்வுகளில் நாளொன்றுக்குப் பல மணி நேரம் வீதம் மூன்று மாதம். மையத்தில் அரை மணி நேரம் வீதம் 30 முறை, ஆக மொத்தம் 15 மணி நேரம். 1990 ஆய்வில் இருந்தவர்கள் இரண்டு நாளில் பெற்றதைவிட இது குறைவு. பலன் காட்டிய அளவின் பெயரைச் சொல்லி, அதில் ஒரு துளியை விற்கிறார்கள். நூறு சதவீத உத்தரவாதத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; எலும்பு விஷயத்தில் அப்படி உத்தரவாதம் தரும் மருத்துவர் எவரும் இல்லை. அந்த மையத்தின் துண்டுப் பிரசுரத்தில் தளர்ந்துபோன செயற்கை இடுப்பு மூட்டையும் இது இறுக்கும் என்று இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அதற்கும் ஒரு கதை உண்டு: 1993-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், தளர்ந்த மூட்டுள்ளவர்களில் உண்மைக் கருவி பெற்ற 19 பேரில் 10 பேருக்கும், போலிக் கருவி பெற்ற 18 பேரில் 2 பேருக்கும் நிலைமை மேம்பட்டது. பிரசுரங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். மூன்று ஆண்டுக்குள் அப்படி மேம்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பழைய தொல்லை திரும்பிவிட்டது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது.

அல்ட்ராசவுண்ட் அலையால் எலும்பைக் கூட்டலாம் என்று இனி யாராவது வந்தால் அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கால் எலும்பில் கம்பி வைத்த 501 பேரிடம் நடந்து 2016-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அதற்குப் பலன் காணப்படவில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றுவது தோல்வியின் அடையாளமா?

அறுவை மருத்துவர் முதலில் செய்த தவறை மறைக்கத்தான் ஸ்க்ரூவைக் கழற்றப் பார்க்கிறார் என்று நீங்கள் சந்தேகிக்கிறீர்கள். அப்படி எண்ண வேண்டியதில்லை. தொடக்கத்தில் எலும்பு சுருங்கவோ திரும்பவோ கூடாது என்பதற்காகக் கம்பியின் இரு முனைகளையும் ஸ்க்ரூவால் பூட்டுகிறோம். சில மாதங்களில் அந்தப் பூட்டே தடையாகலாம்: முறிந்த இரு முனைகளுக்கும் நடுவே சிறு இடைவெளி நிலைத்து, நடக்கும்போது விழும் எடை முறிந்த இடத்துக்குப் போகாமல் கம்பி வழியாகவே இறங்கிவிடும். ஒரு பக்கத்து ஸ்க்ரூவை எடுத்துவிட்டால் முனைகள் ஒன்றையொன்று அழுத்தும். அந்த அழுத்தம் எலும்பு வளரத் தூண்டும். பெரும்பாலும் சிறிய அறுவைதான், நீண்ட நாள் படுக்க வேண்டியதில்லை. எல்லா முறிவுக்கும் இது பொருந்தாது. எலும்பு நொறுங்கியிருந்தாலோ சாய்வாக முறிந்திருந்தாலோ கால் குட்டையாகலாம். ஆகவே 'இவருடைய முறிவுக்கு இது ஏற்றதா, எவ்வளவு குட்டையாகலாம்' என்று தாராளமாகக் கேளுங்கள். இது போதாதபோது, உட்குழலைச் சற்று அகலப்படுத்திப் பருமனான கம்பி மாற்றுவது, இடுப்பு எலும்பிலிருந்து எலும்புத் துணுக்கு எடுத்து வைப்பது, தொற்று இருந்தால் கம்பியை எடுத்துவிட்டு வெளியே வளையம் பொருத்தும் இலிசரோவ் முறை என்று அடுத்தடுத்த வழிகள் உண்டு.

சிகிச்சையை மறுக்கும் உரிமை உங்கள் கணவருக்கு உண்டு. அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் மறுத்துவிட்டுக் காத்திருப்பதற்கும் விலை உண்டு. எலும்பு கூடும் வரை எடையைத் தாங்குவதற்குத்தான் கம்பி. எலும்பு கூடாமல் மாதங்கள் ஓடினால் உலோகம் களைத்து, முதலில் ஸ்க்ரூவும் பிறகு கம்பியும் உடையலாம். பொதுவாக ஒன்பது மாதம் கடந்தும், கடைசி மூன்று மாதம் எந்த முன்னேற்றமும் இல்லை என்றால்தான் 'கூடாத முறிவு' என்போம். அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் நேரமிருக்கிறது; வீணாக்குமளவுக்கு இல்லை.

செலவில்லாமல் செய்யக்கூடிய ஒன்று பீடி. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். புகைப்பவர்களுக்கு முறிவு தாமதமாகக் கூடுவதும் கூடாமல் நிற்பதும் அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. சர்க்கரையின் சராசரி 9-லிருந்து கீழே இறங்க வேண்டும்; தேவைப்பட்டால் சில மாதங்கள் இன்சுலின் போடத் தயங்க வேண்டாம். வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையைத் தொடர்ந்து எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆட்டுக்கால் சூப்பும் பிரண்டைத் துவையலும் தருகிறீர்களாம், தாருங்கள், தடையில்லை. பிரண்டையைப் பற்றி 1960-களில் காசியில் விலங்குகளிடம் ஆய்வுகூட நடந்திருக்கிறது. ஆனால் சூப்பை நம்பி முட்டையையும் பருப்பையும் குறைத்துவிடாதீர்கள். மாமியார் சொல்லும் புத்தூர் கட்டு, உள்ளே கம்பி இருக்கும் காலுக்கு, அதுவும் கசியும் காலுக்கு, வேண்டவே வேண்டாம்.

கட்டிய பணமும் உங்கள் உரிமையும்

நான் வழக்கறிஞர் அல்லன். நோயாளிகளுக்கு வழக்கமாகச் சொல்வதைச் சொல்கிறேன். இன்னும் ஒரு முறைகூடச் சிகிச்சை பெறாததால், முன்பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்தில் கேளுங்கள். ரசீதையும் 'உத்தரவாதம்' அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தையும் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். முதலில் அறுவை செய்த மருத்துவமனையிடம் அறுவைக் குறிப்பு, எக்ஸ்ரேக்கள், பொருத்திய கம்பியின் விவர ஒட்டுத்தாள் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஒழுக்க விதி. இரண்டாவது கருத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்குப் போக இவை கையில் இருந்தால் போதும்.

சம்பளம் நின்றுபோன அவசரமே உங்களை அந்த மையத்துக்குத் தள்ளியிருக்கிறது என்று புரிகிறது. கணவரின் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தால், வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்தும் பணிக்காயமாக ஏற்கப்பட இடமுண்டு. ஏற்கப்பட்டால் வேலைக்குத் திரும்பும் வரை சம்பளத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் கிடைக்கும். கம்பெனி அலுவலகத்திலும் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்திலும் விசாரியுங்கள். லாரி மீதான விபத்து இழப்பீட்டு வழக்கு நடந்தால், எல்லா மருத்துவச் செலவுச் சீட்டுகளையும் உங்கள் வழக்கறிஞரிடம் கொடுங்கள். மருத்துவர் எழுதித் தராத சிகிச்சையின் ரசீதை எதிர்த்தரப்புக் காப்பீட்டு நிறுவனம் ஏற்க மறுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தொற்று இல்லை என்று தெரிந்து, முறிவில் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்து, கம்பி உறுதியாக இருந்து, உங்கள் அறுவை மருத்துவரும் பயன்படுத்திப் பார்க்கலாம் என்றால், காந்தப்புலக் கருவியை நான் எதிர்க்க மாட்டேன். அப்போதும் கருவியின் பெயரையும் தினசரி நேரத்தையும் அவரே மருந்துச் சீட்டில் எழுதித் தர வேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. பெட்டியின் மேல் உரிம எண் இல்லாத கருவியை வாங்காதீர்கள். முடிந்தால் விலைக்கு வாங்காமல் வாடகைக்கு எடுங்கள். சுருள் முறிந்த இடத்துக்கு நேராக அமர வேண்டும். அந்த இடத்தை மருத்துவரிடம் கேட்டுத் தோலில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். தூங்கும் நேரத்தில் அணிவதுதான் பல மணி நேரத்தை நிரப்ப எளிய வழி. ஆறு வாரத்துக்கு ஒரு முறை எக்ஸ்ரே எடுத்துப் பழைய படத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். மூன்று மாதம் ஒழுங்காக அணிந்தும் படத்தில் மாற்றம் இல்லை என்றால் வாடகையை நீட்டிக்க வேண்டாம். கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குங்கள்.